மூச்சைக் காக்கும் ஒரு நொதி

நம் காரைக்கால் வட்டாரத்தில் திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி என்று எந்தப் பக்கம் போனாலும் வயல்தான். பயிரில் பூச்சி விழுந்த நாட்களில் முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு ஆட்கள் வரப்பில் நடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எதிர்க்காற்றில், மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல் தெளித்தவர் மாலையில் தலை சுற்றி, வாயில் நீர் ஊறி, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தால், டாக்டர் எழுதும் இரத்தப் பரிசோதனைகளில் ஒன்றின் பெயர் ‘கோலினெஸ்டரேஸ்’. வாயில் நுழையாத பெயர்தான். ஆயினும் உழவர் வீடுகளில் இந்தச் சோதனைச் சீட்டைக் கண்டவர்கள் இருப்பார்கள்.

அந்தச் சீட்டில் உள்ள எண் எதைக் குறிக்கிறது? பாஸ்பரஸ் கலந்த பூச்சிமருந்துகள் பலவும் நம் இரத்தத்தில் உள்ள ஒரு நொதியைப் பிடித்து முடக்கிவிடுகின்றன. எவ்வளவு முடங்கியது, எவ்வளவு மிஞ்சியது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. எண் குறையக் குறைய விஷம் அதிகம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் ஊகிக்கிறார்.

ஆனால் வயல் பக்கமே எட்டிப் பாராத சிலருக்கும், பிறந்த நாள் தொட்டே அந்த எண் ஏறத்தாழ பூஜ்யமாக இருப்பதுண்டு. அவர்களும் நம்மைப் போலவே உண்டு, உறங்கி, ஓடியாடி, பரீட்சை எழுதி, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்து வாழ்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட ஊசி மருந்து உடம்பில் ஏறும் வரை, தங்களிடம் ஒன்று இல்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது. அவர்களை அறிந்துகொள்வதற்காக அமெரிக்காவில் வளர்க்கப்பட்ட சில சுண்டெலிகளைப் பற்றியதும் ஆகும்.

முதலில் அந்த நொதியின் வேலையைப் பார்ப்போம். நான் இப்போது பேனாவைப் பிடித்து எழுதுகிறேன். விரலை மடக்கு என்ற கட்டளை மூளையிலிருந்து நரம்பு வழியே ஓடி வருகிறது. நரம்பின் முனைக்கும் தசைக்கும் நடுவே மிக நுண்ணிய ஓர் இடைவெளி உண்டு. அந்த வாய்க்காலைக் கட்டளை எப்படித் தாண்டுகிறது? மின்சாரமாகத் தாவுகிறது என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். ஏதோ ஒரு இரசாயனப் பொருள் தோணி போல் கடந்து போகிறது என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரப் பேராசிரியராயிருந்த ஓட்டோ லோவி இரண்டு தவளைகளின் இதயங்களை வைத்து இதைத் தீர்த்தார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தளர்த்தினார். பிறகு அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த உப்புநீரை எடுத்து இரண்டாவது இதயத்தின்மேல் விட்டார். அதை எந்த நரம்பும் தொடவில்லை. ஆனாலும் அதன் துடிப்பும் தளர்ந்தது! நீரில் ஏதோ ஒரு பொருள் கலந்திருக்க வேண்டும் அன்றோ? இந்தச் சோதனை முறை ஈஸ்டர் திருநாளுக்கு முந்திய இரவில் கனவில் தோன்றியது என்றும், அரைத்தூக்கத்தில் கிறுக்கி வைத்ததைக் காலையில் தம்மாலேயே படிக்க முடியவில்லை என்றும், மறுஇரவு அதே கனவு திரும்பவும் வந்தது என்றும் அவரே பின்னாளில் எழுதினார். 1921-ல் முடிவு வெளிவந்தது. 1936-ல் அவருக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தோணிப் பொருளின் பெயர் அசிட்டைல்கோலின்.

தோணி கரை சேர்ந்ததும் அதை அகற்றியாக வேண்டும். அகற்றாவிட்டால் ‘மடக்கு, மடக்கு’ என்ற கட்டளை ஓயாமல் தசையில் ஒலித்துக்கொண்டே இருக்கும். தசை துடித்துத் துவண்டுவிடும். பூச்சிமருந்து ஏறியவரின் உடல் நடுங்குவதும், பின்னர் அவருக்கு மூச்சுத் திணறுவதும் இதனால்தான். அகற்றும் பணியைச் செய்வது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. இதன் வேகத்தை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இந்த நொதியின் ஒரே ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை வெட்டிப் போடுகிறது.

இந்த நொதிக்கு ஒரு தங்கை உண்டு. அவள் பெயர் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ். அக்காள் நரம்பு முனையிலும் சிவப்பணுக்களிலும் குடியிருக்கிறாள். தங்கை கல்லீரலில் பிறந்து, இரத்தத்தின் நீர்ப் பகுதியில் கலந்து உடம்பெங்கும் சுற்றுகிறாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் பெரும்பாலும் அளக்கப்படுவது இந்தத் தங்கையைத்தான். அக்காளின் வேலை இன்னதென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தங்கைக்கு என்ன வேலை என்று நெடுங்காலம் விளங்கவில்லை. அதனால் விஞ்ஞானிகள் இவளுக்குப் ‘போலிக் கோலினெஸ்டரேஸ்’ என்று பட்டம் சூட்டிவிட்டார்கள். வேலை தெரியவில்லை என்றால் பார்த்தவரின் அறியாமை என்று சொல்லாமல், வேலைக்காரியையே போலி என்று சொல்வது என்ன நியாயமோ! அந்தப் பட்டம் மருத்துவப் புத்தகங்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி அந்த ஊசி மருந்துக்கு வருவோம். அதன் பெயர் சக்சினைல்கோலின். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ‘ஸ்கோலின்’ என்றால்தான் தெரியும். இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை வால்புறமாக ஒட்டவைத்தால் எப்படியிருக்குமோ அப்படிப்பட்ட அமைப்பு அதற்கு. 1951-ஆம் ஆண்டு வாக்கில் இது அறுவை சிகிச்சைக் கூடங்களுக்குள் நுழைந்தது. இதன் ஆராய்ச்சியில் பெரும் பங்கு வகித்த டேனியல் போவே 1957-ல் நோபல் பரிசு பெற்றார். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தியதும் தொண்டை வழியே மூச்சுக்குழலில் ஒரு குழாயைச் செலுத்த வேண்டும். அதற்குத் தொண்டைத் தசைகள் தளர வேண்டும். ஸ்கோலினைச் செலுத்தினால் ஒரு நிமிடத்திற்குள் உடம்பின் தசையெல்லாம் தளர்ந்துவிடும். மூச்சு விடும் தசைகளும் நின்றுவிடும். அந்த நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் குழாயைச் செலுத்திக் கருவியால் மூச்சுக் கொடுப்பார். ஐந்து பத்து நிமிடங்களில் மருந்தின் வேகம் தானே தணிந்து, நோயாளியின் மூச்சு திரும்பிவிடும். அவசரச் சிகிச்சைகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம் என்று டாக்டர்கள் கருதினார்கள்.

ஏன் அது அவ்வளவு சீக்கிரம் தணிகிறது? அக்காளால் ஸ்கோலினை வெட்ட முடியாது. வெட்டுபவள் தங்கைதான். ஊசியில் ஏறிய மருந்தில் பத்தில் ஒன்பது பங்கு, தசையைச் சென்று சேருமுன்பே இரத்தத்தில் அவளால் அழிக்கப்பட்டுவிடுகிறது. மிஞ்சிய ஒரு பங்குதான் தசையைத் தளர்த்துகிறது. டாக்டர்கள் கணக்கிட்டுக் கொடுக்கும் அளவே இந்த அழிவைச் சேர்த்த அளவுதான்.

அப்படியானால் தங்கையே இல்லாத ஒருவருக்கு அதே ஊசியைப் போட்டால்? பத்துப் பங்கும் முழுதாகத் தசைக்குப் போகும். போனது வெளியேற வழியில்லாமல் தங்கும். ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு ஒரு மணி, இரண்டு மணி, சில சமயம் அதற்கும் மேலாகத் திரும்பாது. டாக்டர் நிலைமையை உணர்ந்து, கருவியால் மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மருந்து மெல்ல மெல்லக் கழிந்து நோயாளி நலமாக எழுந்துவிடுவார், வேறு தீங்கில்லை. உணராவிட்டால் உயிருக்கே ஆபத்து. இன்னொரு கொடுமையும் உண்டு. ஸ்கோலின் தசையை மட்டுந்தான் கட்டும், நினைவைக் கட்டாது. ‘சிகிச்சை முடிந்தது, எழுப்பலாம்’ என்று மயக்க மருந்தை நிறுத்திவிட்டால், கண்ணிமையைக்கூட அசைக்க முடியாமல், பக்கத்தில் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு அந்த நோயாளி கிடக்க நேரும். ஆகவே மூச்சுத் திரும்பும் வரை அவரை உறக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது மயக்க மருந்து டாக்டர்களின் பாடங்களில் ஒன்று.

ஸ்கோலின் வந்த சில ஆண்டுகளிலேயே இப்படிப்பட்ட நோயாளிகள் அங்கொருவர் இங்கொருவராகத் தென்பட்டார்கள். கனடாவின் டொரான்டோ நகரில் வெர்னர் காலோ என்பவர் அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்து, 1957-ல் டைபுகேன் என்ற மருந்தைக் கொண்டு ஓர் எளிய சோதனையை வகுத்தார். அவ்வகை இரத்தம் குடும்பங்களில் தலைமுறை வழியாக வருகிறது என்பதும் தெளிவாயிற்று. ஒரே மருந்து ஒருவருக்கு அமுதாகவும் மற்றொருவருக்கு நஞ்சாகவும் ஆவதற்குப் பரம்பரை காரணமாகலாம் என்று உறுதியாகக் காட்டிய முதல் எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

பரம்பரை என்றதும் நம் பாடப் புத்தகத்தில் உள்ள மெண்டல் அடிகளார் நினைவுக்கு வருவார். புரூன் நகர அகஸ்தினார் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து அவர் கண்ட விதி இங்கே அப்படியே பொருந்துகிறது. ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸைச் செய்வதற்கான ஜீன் மனிதரின் மூன்றாவது குரோமோசோமில் உள்ளது. இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலும் மற்றொன்று போதிய நொதியைச் செய்துவிடும். அவருக்குப் பொதுவாகத் தொல்லை இராது. இரண்டும் பழுதாயிருந்தால்தான் நொதி இல்லாமற்போகும். தாயும் தந்தையும் ஆளுக்கு ஒரு பழுதான பிரதியைச் சுமப்பவர்களானால், அவர்களுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பழுதும் சேர்ந்து வர நாலில் ஒரு வாய்ப்பு.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்நொதி அறவே இல்லாதவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரில் ஒருவர்தான். அலாஸ்காவின் பனிக்கடற்கரையில் வாழும் பழங்குடியினரிடையே இது சற்று மிகுதியாக இருப்பது 1960-களில் தெரியவந்தது. 1979-ல் ஆந்திரத்தின் வைசியர் சமூகத்தில் இது வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருக்கிறது என்று ராவ், கோபாலம் என்னும் இரு ஆய்வாளர்கள் எழுதினர். ஆரிய வைசியர் நம் தமிழ்நாட்டு ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள். கடைவீதியில் வாணிபமும், கன்னிகா பரமேஸ்வரி கோயிலும் என்றால் அவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

இந்த இழையைப் பிடித்துக்கொண்டு மேலே சென்றவர்கள் நம் கோயம்புத்தூரில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பூபதியும் அவருடன் பணியாற்றிய மனோகரனும். கோவையில் வாழும் வைசிய சமூகத்தாரின் இரத்தத்தைச் சோதித்தபோது, சுமார் 24 பேரில் ஒருவருக்கு இந்நொதி இல்லை என்று கண்டனர். லட்சத்தில் ஒன்று எங்கே, இருபத்து நாலில் ஒன்று எங்கே! கணிதத்தில் விருப்பமுள்ள மாணவியர் இதிலிருந்து இன்னொன்றையும் கணக்கிடலாம். இருபத்து நாலில் ஒருவருக்கு இரண்டு பிரதியும் பழுது என்றால், பழுதான பிரதிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இருக்க வேண்டும். அப்படியானால் மூவரில் ஒருவர் ஒரு பழுதான பிரதியைச் சுமந்துகொண்டு தமக்கே தெரியாமல் நலமாக இருக்கிறார் என்று ஆகிறது.

பழுது எது என்பதையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள். இந்த நொதி 574 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. அதில் 307-ஆவது மணி லியூசினாக இருக்க வேண்டும். வைசியரிடம் கண்ட ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் அவ்விடத்தில் புரோலின் வந்து உட்கார்ந்துவிட்டது. புரோலின் வளைந்து கொடுக்காத மணி. மாலை சரியாக மடியாமல் நொதி பயனற்றுப் போகிறது. 2006-ல் வெளிவந்த இந்த ஆய்வில் கோவைக்காரர்களோடு சேர்ந்து உழைத்தவர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள ஒக்சானா லாக்ரிட்ஜ் என்ற பெண் விஞ்ஞானி. இந்த ஒரே நொதியைத் தம் வாழ்நாளின் வேலையாக எடுத்துக்கொண்டவர் அவர். 574 மணிகளும் இன்ன வரிசையில் உள்ளன என்று 1987-ல் முழுதாக எழுதிக் காட்டியவரும் அவரே.

ஒரு சமூகத்தில் மட்டும் இது ஏன் மிகுதி? நம் ஊர் நாற்றங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். சிறிய நாற்றங்காலில் கலப்பு நெல் நாலைந்து விழுந்துவிட்டால், அந்த நாற்றையே பறித்து நூறு வயலில் நட்டாலும் கலப்பு அதே விகிதத்தில் தொடரும். வெளி விதை சேராத வரை அது குறையாது. நெடுங்காலத்துக்கு முன் சிறு கூட்டமாயிருந்த முன்னோரிடமிருந்து பெருகி, தமக்குள்ளேயே மணம் முடித்து வந்த சமூகங்களில் இப்படித்தான் நிகழ்கிறது. ஐதராபாத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் மற்றவர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களைச் சேர்ந்த 2,800-க்கும் அதிகமானோரின் ஜீன்களை ஒப்பிட்டார்கள். அவற்றுள் 81 சமூகங்களில் இப்படிச் சிறு நாற்றங்காலிலிருந்து வந்த தடயம் மிக வலுவாக இருந்தது. ஆகவே இது ஏதோ ஒரு சமூகத்தின் கதை என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. ஒவ்வொரு நாற்றங்காலிலும் ஒவ்வொரு வகைக் கலப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் தென்னாட்டில் சாதி மதம் பாராமல் பரவியிருப்பதையும் நாம் அறிவோம். நம் திருச்சபைச் சட்டம் இத்தகைய மணத்துக்குத் தனி அனுமதி கேட்கிறது. அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்களும் குறைவில்லை என்று சொன்னால் பங்குக் குருக்கள் மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நொதி இல்லாவிட்டால் ஸ்கோலின் ஊசி ஒன்றுதான் ஆபத்தா? வேறு எந்த மருந்து ஆகாது? பிற்காலத்தில் வேறு நோய் வருமா? இதை மனிதர் மேல் சோதித்துப் பார்க்க முடியாது. ஒருவருக்கு நொதி இல்லையென்று தெரிந்துகொண்டே புதுப்புது மருந்தாகக் கொடுத்துப் பார்ப்பது பாவமன்றோ? இந்த இடத்தில்தான் சுண்டெலி வருகிறது.

எலியைக் கண்டால் பெஞ்சின் மேல் ஏறி நிற்கும் மாணவியர் நம் பள்ளியில் உண்டு. ஆயினும் ஆய்வுக்கூடத்துச் சுண்டெலி நம் அரிசிப் பானையை உருட்டும் எலி அன்று. கண்காணிப்பில், தீனியும் சுத்தமும் குறையாமல் வளர்வது. நம்மிடமுள்ள ஜீன்களில் பெரும்பான்மைக்கு ஒத்த ஜீன் அதனிடமும் உண்டு. அதன் கருவிலுள்ள செல்லில் வேண்டிய ஒரே ஒரு ஜீனை மட்டும் வெட்டி எடுத்து, மற்றவை எல்லாம் அப்படியே இருக்க, ஒரு சுண்டெலிப் பரம்பரையை உண்டாக்கும் வித்தை 1980-களின் இறுதியில் கைகூடியது. அதற்காக மரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மிதீஸ் மூவருக்கும் 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது.

லாக்ரிட்ஜும் கூட்டாளிகளும் முதலில் அக்காளின் ஜீனைத்தான் நீக்கினார்கள். அது இல்லாமல் எலி பிறக்கவே பிறக்காது என்று பலரும் எண்ணியிருந்தார்கள். எண்ணியதற்கு மாறாகக் குட்டிகள் உயிரோடு பிறந்தன! 2000-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளிவந்தது. குட்டிகள் நோஞ்சானாக, நடுங்கிக்கொண்டு இருந்தன. கெட்டித் தீனியைத் தின்னத் தெம்பில்லாமல் சில வாரங்களுக்குள் இறந்தன. பிறகு நீர் உணவு கொடுத்துக் கருத்தாகப் பேணியபோது சில வளர்ந்து பெரிதாகவும் ஆயின. அக்காளே இல்லாத வீட்டில் அடுப்பெரித்தது யார்? ‘போலி’ என்று பெயர் வாங்கிய தங்கைதான் அசிட்டைல்கோலினை வெட்டி அந்தக் குட்டிகளைக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது.

பின்னர் தங்கையின் ஜீனை நீக்கிய சுண்டெலிகளை உண்டாக்கினார்கள். 2008-ல் இதன் விரிவான அறிக்கை வந்தது. அந்த எலிகளைப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. ஓடின, தின்றன, குட்டி போட்டன. கோவையில் நொதி இல்லாத மனிதர்களைச் சோதித்தபோதும் அதனால் உடல்நலக் குறை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை என்பது இதனோடு ஒத்துப்போகிறது. ஆனால் அந்த எலிகளுக்கு ஸ்கோலினைச் செலுத்தியதும் மூச்சு நின்றது. மைவக்கூரியம் என்ற வேறொரு தசை தளர்த்தும் மருந்திலும் அதே விளைவுதான். முதியோரின் மறதி நோய்க்குத் தரப்படும் டோனெபெசில் போன்ற மருந்துகளும் அவற்றுக்குச் சாதாரண எலிகளைவிட அதிகமாகத் தீங்கு செய்தன. அம்மருந்துகள் அக்காளின் கையைக் கட்டுபவை. தங்கையும் இல்லாதபோது வீடு நிலைகுலைகிறது. ஆகவே நொதி இல்லாத மனிதர் முதுமையில் அம்மருந்துகளை உண்ண நேர்ந்தால் எச்சரிக்கை வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். மனிதர் ஒருவரையும் வருத்தாமல் கிடைத்த எச்சரிக்கை இது.

எதிர்பாராத செய்திகளும் வந்தன. கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தபோது நொதி இல்லாத எலிகள் மற்றவற்றைவிடப் பருத்தன. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனையும் இந்நொதி செயலிழக்கச் செய்கிறது என்று தெரியவந்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் 2015-ல் எழுதியது இன்னும் வேடிக்கை. ஆண் சுண்டெலிகளின் இரத்தத்தில் இந்நொதியை வெகுவாகக் கூட்டியபோது அவை தம்முள் சண்டையிடுவது குறைந்துவிட்டதாம்!

ஆனாலும் சுண்டெலி ஒரு சிறிய மனிதன் அன்று. பூச்சிமருந்து முதலியவற்றைப் பிடித்து வைக்கும் கார்பாக்சில்எஸ்டரேஸ் என்ற வேறொரு நொதி எலியின் இரத்தநீரில் ஏராளம். மனிதரின் இரத்தநீரில் அது இல்லை. எனவே எலி தாங்கியதை எல்லாம் மனிதர் தாங்குவார் என்று எழுதிவிட முடியாது. எலி பருத்ததால் நொதி இல்லாத மனிதரும் பருத்தே தீருவர் என்பதும் பொருந்தாது. எலி சொல்வதைக் கேட்டு, பிறகு கோவையில் செய்தது போல் மனிதரிடம் வந்து சரிபார்த்துக்கொள்வதே முறை.

இனி வீட்டுக்கு வருவோம். அறுவை சிகிச்சைக்கு முந்திய நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து, ‘உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்து மூச்சுத் திரும்ப நேரமானதுண்டா?’ என்று கேட்பார். பெரும்பாலும் ‘இல்லை’ என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். பாட்டி எப்போதோ ‘அவங்க சித்தப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன்ல ரொம்ப நேரம் கண்ணே முழிக்கலே, காலம்பற வரைக்கும் மெஷின்லதான் வச்சிருந்தாங்க’ என்று சொன்னது நினைவுக்கு வராது. டாக்டருக்கு வேண்டியது அந்தப் பாட்டி கதைதான். வைசிய சமூகத்தைச் சேர்ந்தவரா என்று கேட்டாலும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கோலினையும் மைவக்கூரியத்தையும் அச்சமூகத்தாருக்குத் தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவ உலகில் அறியப்பட்ட எச்சரிக்கை. ராக்குரோனியம் போன்ற வேறு மருந்துகள் உண்டு. அவற்றை வெட்ட இந்நொதி வேண்டியதில்லை. முன்பே தெரிந்தால் மருந்தை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மற்றச் சமூகத்தாருக்கும் இந்த ஜீனில் பலவகை மாற்றங்கள் உண்டு, அரிதாக.

பெண்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். கர்ப்ப காலத்தில் எல்லாப் பெண்களுக்குமே இந்நொதி இயல்பாக ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது. நொதி சரியாக உள்ளவர்களுக்கு அதனால் தொல்லையில்லை. ஆனால் நடுஇரவில், அவசரமாக, முழு மயக்கம் கொடுத்துச் சிசேரியன் செய்ய நேரும்போது ஸ்கோலினைத் தேடுவது வழக்கம். அந்த அவசரத்தில் குடும்ப வரலாறு கேட்க யாருக்கும் நேரம் இராது. நம் பக்கத்துப் பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறார்கள். இடையில் பெரிய சிகிச்சை என்றால் தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ போகிறார்கள். பழைய ஆஸ்பத்திரியின் காகிதம் பழைய ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடுகிறது.

இத்தனைக்கும் சோதனை என்னவோ எளியதுதான். வயலில் மருந்தடித்து மயங்கியவருக்குச் செய்கிற அதே கோலினெஸ்டரேஸ் சோதனை. கல்லீரல் நோய், சத்துக் குறைவு, கர்ப்பம், அண்மையில் பூச்சிமருந்து தெளித்தது ஆகியவற்றாலும் எண் இறங்கும் என்பதால், அதைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டியவர் டாக்டரே. பிறவியிலேயே நொதி இல்லாதவர் வயலில் மருந்தடித்துவிட்டு வந்தாலும் இந்தச் சீட்டு டாக்டரை ஏமாற்றிவிடும். அப்போது சிவப்பணுவில் உள்ள அக்காளை அளந்துதான் உண்மை நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவருக்கு நொதி இல்லை என்று உறுதியானால் அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் சோதிக்க வேண்டும். அந்தச் சீட்டின் நகல் ஒன்று, திருமணமாகி வேற்றூர் போகும் மகளின் பெட்டியில், ஞானஸ்நான சர்டிபிகேட்டும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் வைக்கும் உறையிலேயே இருக்கலாம்.